பாலக்காட்டுக் கணவாயும் பெருவழி மரபும்: சங்க காலம் முதல் இன்றைய நெடுஞ்சாலை வரை

ஆய்வுச் சுருக்கம்

சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544 மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாலக்காட்டுக் கணவாயின் வழியே கடக்கிறது. இக்கணவாய்வழியின் தொன்மையைக் கூறுவோர் சங்ககால வணிகவழி, இராசகேசரிப் பெருவழி, இன்றைய நெடுஞ்சாலை ஆகிய மூன்றையும் ஒரே சாலையின் தொடர்ச்சியாகக் காண்பது வழக்கம். அக்கருத்தை இலக்கியம், கல்வெட்டு, நாணயம், அகழாய்வு ஆகிய சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை மறு ஆய்வு செய்கிறது. மாறாதிருப்பது கணவாயே, சாலையின் தடமும் முனைகளும் காலந்தோறும் மாறியுள்ளன, ‘பெருவழி’ என்னும் சொல் தடத்தைவிடக் காவல், சுங்கம், பெயரிடல் ஆகியவற்றால் அமைந்த ஓர் ஏற்பாட்டையே முதன்மையாகச் சுட்டுகிறது என்பன இக்கட்டுரை எட்டும் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: பாலக்காட்டுக் கணவாய், பெருவழி, உல்கு, கொடுமணம், பந்தர், இராசகேசரிப் பெருவழி, கொங்குநாடு.

முன்னுரை

தமிழர் வணிக வரலாற்றை எழுதியோர் துறைமுகங்களுக்குத் தந்த இடத்தை அவற்றை உள்நாட்டோடு இணைத்த வழிகளுக்குத் தரவில்லை. முசிறி, தொண்டி, கொற்கை, புகார் ஆகியவற்றைப் பற்றி நூல்கள் பல உள்ளன. அத்துறைகளுக்குப் பொருள் வந்து சேர்ந்த நிலவழிகளோ பெரும்பாலும் ஒரு பத்தியளவில் சொல்லி முடிக்கப்படுகின்றன. துறைமுகம் அகழ்ந்தறியத்தக்க ஓரிடம். வழியோ நடக்குந்தோறும் தோன்றி, நடவாதபோது மறைவது. இவ்வேறுபாடு இதற்கொரு காரணமாகலாம்.

இக்குறையை ஆராய்தற்கு ஏற்ற களம் பாலக்காட்டுக் கணவாய். இலக்கியக் குறிப்பு, நாணயப் புதையல், அகழாய்வு, வழியின் பெயரையே பொறித்த கல்வெட்டு ஆகிய நால்வகைச் சான்றுகளும் இக்கணவாயை ஒட்டிய நிலப்பரப்பில் கிடைக்கின்றன. எனினும் அவை ஒரே காலத்தன அல்ல. ஒரே வகையான உண்மையைக் கூறுவனவும் அல்ல. அவற்றை ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே நிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணவாயின் நில அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை தென்னகத்தின் மேற்கு விளிம்பில் நெடுஞ்சுவர்போல் நிற்கிறது. அச்சுவரில் உள்ள மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் எல்லையாக, ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலம் கொண்டது. இருபுறமும் மலைகள் ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்க, கணவாயின் தளம் சில நூறு மீட்டருக்குள்ளேயே அடங்குகிறது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாலக்காடு 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. எனவே கிழக்கிலிருந்து மேற்கே செல்வோன் மலையேறுவதில்லை. மெல்லச் சரியும் சமவெளியில் இறங்குகிறான். நீலகிரிக்கோ வால்பாறைக்கோ செல்லும் சாலைகளில் உள்ள கொண்டையூசி வளைவுகள் இங்குத் தேவைப்படாமைக்கு இதுவே காரணம்.

கணவாயின் இருபுறமும் இரு ஆறுகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கிறது. ஆனைமலைப் பகுதியில் தோன்றும் பாரதப்புழை மேற்கே ஓடிப் பொன்னானியில் கடலை அடைகிறது. ஒன்றின் கரையைப் பற்றி மேற்கே வந்து, மற்றொன்றின் கரையைப் பற்றிக் கடலுக்கு இறங்குதல் கால்நடையாகவும் பொதிமாடுகளோடும் செல்வோர்க்கு இயல்பான நெறி. நீரும் புல்லும் வழிநெடுகக் கிடைப்பது சாத்து வணிகத்தின் முதல் தேவை. தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோட்டத்தையும் வழியையும் ஒருங்கே குறிப்பதன் பொருத்தத்தை இந்நிலப்பரப்பில் தெளிவாகக் காணலாம்.

காற்றும் இக்கணவாயைப் பயன்கொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி மேற்குச்சரிவில் மழையாகப் பொழிய, கணவாயின் நேரே மட்டும் தடையின்றிக் கிழக்கே புகுகிறது. உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகியமைக்கு அதுவே அடிப்படை.

வழியைச் சுட்டும் சொற்கள்

சங்க இலக்கியத்தில் வழியைக் குறிக்கும் சொற்கள் பல: ஆறு, நெறி, அதர், இயவு, அத்தம், சுரம், கவலை, பெருவழி. இவை ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றினும் பயன்பாட்டில் வேறுபடுகின்றன. அதர் என்பது பெரும்பாலும் ஒற்றையடித் தடம். கவலை என்பது வழிகள் பிரியும் இடம். அத்தமும் சுரமும் வழியோடு அதன் இன்னலையும் சேர்த்து உணர்த்துவன; பாலைத்திணையில் இவை மிகுதியாக வருதல் அதனாலேயே.

இவற்றுள் ‘பெருவழி’ தனித்து நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதியைச் சுமந்து செல்லும் கழுதைச் சாத்தைக் காட்டி, அச்சாத்து இயங்கும் பெருவழியை உல்கு உடையதாகவும், அதன் கவலைகளை வில்லேந்திய காவலர் காப்பதாகவும் கூறுகிறது. உல்கு என்பது சுங்கம். இப்பகுதி தொண்டை நாட்டு வழியைப் பற்றியது. கொங்கு வழியைப் பற்றியதன்று. ஆயினும் சொல்லாட்சியை அறிய அது பெரிதும் உதவுகிறது. பெருவழி என்பது அகலத்தால் மட்டும் பெரியதன்று. அங்கே சாத்து உண்டு; சாத்திடம் உல்கு கொள்ளும் அதிகாரம் உண்டு; உல்குக்கு ஈடாகக் காவல் உண்டு. இம்மூன்றும் கூடிய வழியே பெருவழி எனப்பட்டது எனக் கொள்ளலாம்.

மலையிடை வழியைக் குறிக்க ‘அறைவாய்’ என்னும் சொல்லும் புறநானூறு 175, அகநானூறு 251 ஆகிய பாடல்களில் மோரியரோடு தொடர்புபட்டு வருகிறது. அறைவாய் என்பது தேர் செல்லும் பொருட்டு மலையைக் குறைத்துச் செய்த வழி. பாலக்காட்டுக் கணவாயோ வெட்டப்படாதது. இயற்கையே திறந்து வைத்தது. செய்வழிக்கும் இயல்வழிக்கும் உரிய இவ்வேறுபாடு, பின்னர் இன்றைய நெடுஞ்சாலையை நோக்குமிடத்து மீண்டும் பயன்படும்.

பதிற்றுப்பத்தில் கணவாயின் இரு முனைகள்

பாலக்காட்டுக் கணவாயை அப்பெயராலோ பிறிதொரு பெயராலோ நேரடியாகச் சுட்டும் சங்கப்பாடல் எதுவும் இல்லை. அகநானூறு 149 யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் முசிறியைக் கூறுகிறது. புறநானூறு 343 தோணிகளால் பொன் கரைசேரும் முசிறியைக் காட்டுகிறது. இவை துறையைப் பற்றியன. வழியைப் பற்றியன அல்ல. எனவே வழிக்கான இலக்கியச் சான்றைப் பதிற்றுப்பத்தில் மறைமுகமாகவே தேட வேண்டியுள்ளது.

முதலாவதாக, அரசியல் விரிவு. மூன்றாம் பத்தின் தலைவனாகிய பல்யானைச் செல்கெழு குட்டுவன் உம்பற்காட்டில் தன் கோலை நிறுத்தினான் என்று பதிகம் கூறுகிறது. கொங்கர் நாட்டை அவன் அகப்படுத்தியதை 22ஆம் பாடல் குறிப்பிடுகிறது. உம்பற்காடு ஆனைமலையைச் சார்ந்த பகுதி எனக் கொள்வர். மேலைக்கடற்கரையைச் சார்ந்த ஓர் அரசமரபு ஆனைமலைக் காட்டையும் அதற்கப்பால் கொங்கையும் கைக்கொண்டது என்றால், அம்முன்னேற்றத்திற்கு மிக எளிய வாயில் இக்கணவாயே.

இரண்டாவதாக, இரு ஊர்ப்பெயர்களின் இணைவு. ஏழாம் பத்தில் கபிலர் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய 67ஆம் பாடலிலும், எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய 74ஆம் பாடலிலும் கொடுமணம், பந்தர் என்னும் இரு பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. 74ஆம் பாடல் கொடுமணத்தின் வேலைப்பாடமைந்த அணிகலனையும் பந்தரின் முத்தையும் ஒருங்கே கூறுகிறது. கொடுமணம் நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணல் என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. பந்தர் கடற்கரைப் பட்டினம் என்பது உரைமரபால் பெறப்படுவது. உள்நாட்டுத் தொழிலூரும் கடற்பட்டினமும் இருவேறு புலவர்தம் பாடல்களில் இணையாக வருதல் தற்செயல் எனத் தோன்றவில்லை. இவ்விரு பாடல்களும் கொங்கில் ஆட்சி செலுத்திய பொறையர் மரபினரைப் பற்றியன என்பதும் நோக்கத்தக்கது. அணிகலன் செய்யும் ஊரும் முத்து வரும் ஊரும் ஒரே அரசனின் செல்வமாகப் பாடப்படும்போது, அவ்விரண்டையும் இணைத்த வழி சொல்லப்படாமலே உணர்த்தப்படுகிறது.

இம்முடிவுக்கு ஒரு வரம்பு உண்டு. 55ஆம் பாடலில் கடற்கரையில் அரும்பொருள் தங்கும் பண்டசாலை என்னும் பொருளில் பந்தர் என்னும் சொல் வருகிறது. 67, 74 ஆகியவற்றிலும் அதுவே பொருள் என்று ஒருவர் வாதிட்டால், பந்தர் தனியொரு பட்டினத்தின் பெயராகாது. அப்போதும் அது கடற்கரையைச் சார்ந்தது என்பது மாறுவதில்லை. எந்தக் கடற்கரை என்பதே ஐயத்திற்கு இடமாகும்.

மண்ணில் கிடைத்த சான்றுகள்

கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வும் அவ்வூரை ஒரு தொழில் நகரமாகக் காட்டின. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் முதலியவற்றால் மணி செய்யும் தொழிலும், இரும்பு உருக்கும் தொழிலும் அங்கு நடந்தன. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பச்சைக்கல் அருகிலுள்ள படியூரிலும், இரும்புத்தாது சென்னிமலைப் பகுதியிலும் கிடைத்தன என்பர். 74ஆம் பாடல் போற்றும் வேலைப்பாடமைந்த அணிகலன் வெறும் புலவர் புனைவன்று என்பதை இவ்வகழாய்வு நிறுவியது.

காவிரியை ஒட்டிய புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பொறையர் மூன்று தலைமுறையைக் கூறுகின்றன. அதே மலையில் கருவூரைச் சேர்ந்த பொன்வாணிகன் ஒருவனின் கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசனும் வாணிகனும் ஒரே மலையில் கொடையாளராக நிற்பது, கொங்கின் கிழக்கு முனையில் வணிகம் பெற்றிருந்த நிலைக்குச் சான்றாகும்.

இம்முனைகளுக்கு இடைப்பட்ட தடத்தை உரோமானிய நாணயங்கள் காட்டுகின்றன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அகசுதசு, திபேரியசு ஆகியோர் காலத்துக் காசுகள் அவை. பின்னரும் அவ்வூரில் புதையல்கள் வெளிப்பட்டன. கருவூரிலும் பொள்ளாச்சிப் பகுதியிலும் உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. கணவாய்க்கு மேற்கே, திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் உரோமானியப் பொன், வெள்ளிக் காசுகள் முத்திரைக் காசுகளோடு கலந்து கிடைத்தன. கொடுங்கல்லூருக்கு அண்மையிலுள்ள பட்டணத்தில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் நிகழ்த்திய அகழாய்வில் மத்தியதரைக்கடற் பகுதியின் மதுச்சாடித் துண்டுகளும் தமிழ்-பிராமி எழுத்துடைய ஓடும் வெளிப்பட்டன.

கருவூர், கொடுமணல், வெள்ளலூர், கணவாய், எய்யால், பட்டணம் என இவற்றை வரைபடத்தில் குறித்தால், கிழக்கு மேற்காக ஒரு வரிசை புலப்படுகிறது. அவ்வரிசையைச் சாலை என்று உடனே கொள்ளுதல் முறையன்று. புதையல் என்பது பொருள் சென்ற இடமன்று, தங்கிய இடம்; அச்சத்தாலோ இறப்பாலோ மீட்கப்படாமற்போன சேமிப்பு. ஆயினும் சேமிக்கத்தக்க அளவு வெள்ளி ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் தங்கியமை, அவ்விடத்தைச் செல்வம் தொடர்ந்து கடந்து சென்றதைக் காட்டும். இவ்வளவே நாணயச் சான்றிலிருந்து பெறத்தக்கது.

சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்னும் நெடுநாள் விவாதமும் இங்கு நினைவுகூரத்தக்கது. ரா. இராகவையங்கார் கருவூரே வஞ்சி என்றார். கே.ஜி. சேஷையர் திருவஞ்சைக்களத்தை வஞ்சியாகக் கொண்டார். வி. கனகசபைப்பிள்ளை கோதமங்கலத்தை அடுத்த திருக்காரூரைச் சுட்டினார். இவ்விவாதத்தில் எத்தரப்பைக் கொள்ளினும், மலையின் ஒருபுறத்து அரசு மறுபுறத்து நாட்டையும் ஆண்டது என்னும் செய்தி பொதுவாக எஞ்சுகிறது. கணவாய் இன்றி அவ்வாட்சி நெடிது நிலைத்திராது.

இராசகேசரிப் பெருவழி

இதுவரை கண்ட சான்றுகளில் வழி ஊகிக்கப்பட்டது. அது தன் பெயரைத் தானே கூறும் சான்று கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூரை அடுத்த குன்றின் பாறையில் உள்ளது. ‘இராசகேசரிப் பெருவழி’ என்னும் பெயரும் அதனோடு ஒரு வெண்பாவும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்து, தமிழெழுத்து ஆகிய இரண்டும் அக்கல்வெட்டில் இடம்பெறுகின்றன.

இராசகேசரி என்பது சோழர் மாறிமாறிப் புனைந்த இரு பட்டங்களுள் ஒன்று. எனவே பெயரை மட்டும் கொண்டு அரசனை உறுதிசெய்தல் இயலாது. எழுத்தமைதி நோக்கி இதனை முதலாம் ஆதித்தன் காலத்ததாகப் பலரும் கொள்வர். அவ்வரசனின் கொங்கு வெற்றியைக் கொங்குதேச ராசாக்கள் சரித்திரம் கூறுகிறது. அவனும் சேரன் தாணு இரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்பானுக்குச் சிறப்புச் செய்தமையைத் தில்லைத்தானக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சோழனும் சேரனும் நட்புப் பூண்டிருந்த காலத்தில் இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட வழிக்குச் சோழப்பட்டம் சூட்டப்பட்டது என்பது இக்கருத்தின்படி பெறப்படும் செய்தி.

கல்வெட்டின் உள்ளடக்கத்தில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அது கூறாதது. வழி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதையோ, எவ்வளவு தொலைவு என்பதையோ அது சொல்லவில்லை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல் நாவல்தாவளத்திற்கு 29 காதம் என்று எழுத்தில் கூறுவதோடு, எழுத்தறியாதார் விரலால் தடவி அறியும்படி 2 பெரிய குழிகளையும் 9 சிறிய குழிகளையும் கொண்டுள்ளது. அது வழிப்போக்கனுக்குச் செய்த உதவி. இராசகேசரிக் கல்வெட்டோ வழிப்போக்கனுக்குத் தொலைவைச் சொல்லவில்லை. வழி யாருடையது என்பதைச் சொல்கிறது.

இரண்டாவது, அது கூறுவது. வெண்பா காவிரி நாட்டுச் சோழனை வாழ்த்தி, அவனது குடைநிழலைத் திங்களோடு ஒப்பிட்டு, உயிர்களுக்கு நலம் செய்வதாகப் போற்றுகிறது. அரசனின் குடைநிழல் என்பது காவலைக் குறிக்கும் மரபுவழி உருவகம். வெயில் மிகுந்த வழியோரப் பாறையில் அது பொறிக்கப்படும்போது, உருவகம் தன் நேர்ப்பொருளையும் மீண்டும் பெறுகிறது: இவ்வழியே செல்வோன் இன்னான் நிழலில் செல்கிறான். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வில்லுடைக் காவலும் இவ்வெண்பா காட்டும் குடைநிழலும் ஒரே கருத்தின் இருவேறு காலத்து வடிவங்கள் எனலாம்.

இரு எழுத்துகள் இடம்பெற்றமையும் இதனோடு பொருந்துகிறது. சோழநாட்டில் தமிழெழுத்து ஓங்கியிருந்த காலத்தில் சேரநாட்டில் வட்டெழுத்தே வழக்கில் இருந்தது. கொங்கு அவ்விரண்டும் சந்தித்த நிலம். கிழக்கிலிருந்து வருவோனும் மேற்கிலிருந்து வருவோனும் படித்தறியவே இவ்வாறு செய்யப்பட்டது எனக் கருத இடமுண்டு.

எனினும், இப்பாறையைக் கடந்த வழியே ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வெள்ளலூர் வழியாக வெள்ளி சென்ற வழி என்று கூற இக்கல்வெட்டு இடந்தரவில்லை. அது தன் காலத்து வழிக்கு மட்டுமே சான்று. பழைய வழிக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டதா, புதுவழியே திறக்கப்பட்டதா என்பதைக் கல்வெட்டின் சொற்களைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது.

கோட்டையும் இருப்புப்பாதையும்

வணிகர் சென்ற வழியில் படையும் சென்றது. 1766ஆம் ஆண்டு ஐதர் அலி பாலக்காட்டில் கோட்டையை எழுப்பினார். கோயம்புத்தூருக்கும் மலையாளக் கரைக்கும் இடைப்பட்ட போக்குவரத்தைக் காப்பது அதன் நோக்கம். ஆங்கிலேயர் 1783இல் அதைக் கைப்பற்றி, உடன்படிக்கையின்பின் திருப்பியளித்து, 1790இல் மீண்டும் கைப்பற்றினர். கணவாயைப் பிடித்தவன் இரு கரைகளையும் பிடித்தவன் என்பதை இருதரப்பும் உணர்ந்திருந்தமையை இது காட்டும்.

19ஆம் நூற்றாண்டில் சென்னையையும் மேலைக்கடற்கரையையும் இணைக்கும் இருப்புப்பாதைக்கு இக்கணவாயே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1861இல் திரூர்–பேப்பூர்ப் பகுதி திறக்கப்பட்டது. 1862இல் சென்னைக்கும் பேப்பூருக்கும் இடையே பாதை முழுமை பெற்றது. போத்தனூரைக் கடந்து கணவாயில் புகும் இப்பாதை பாலக்காட்டுக்கு மேற்கே பாரதப்புழையின் போக்கைத் தழுவிச் செல்கிறது. நீராவி வண்டிக்கும் பொதிமாட்டிற்கும் மேடு ஏறுதல் அரிது. ஆகவே இரண்டும் ஆற்றையே துணைக்கொண்டன.

இன்றைய நெடுஞ்சாலை

இன்றைய தேசிய நெடுஞ்சாலை 544 முன்னர் நெடுஞ்சாலை 47இன் பகுதியாக இருந்தது. 2010ஆம் ஆண்டு எண் மாற்றத்தில் புதிய எண்ணைப் பெற்றது. சேலம், பவானி, அவினாசி, கோயம்புத்தூர், வாளையாறு, பாலக்காடு, ஆலத்தூர், வடக்கஞ்சேரி, திருச்சூர் வழியாகக் கொச்சியை அடையும் இதன் நீளம் ஏறத்தாழ 340 கி.மீ. நீலம்பூர்–மதுக்கரைப் புறவழி கோயம்புத்தூர் நகரைத் தவிர்த்துக் கணவாய்க்குச் செல்ல உதவுகிறது.

பாலக்காடு வரை இச்சாலை இருப்புப்பாதைக்கு அணித்தாகவே செல்கிறது. அதன்பின் இரண்டும் பிரிகின்றன. இருப்புப்பாதை ஆற்றைத் தொடர்ந்து மேற்கே சொரனூர் நோக்கிச் செல்ல, நெடுஞ்சாலை தென்மேற்கே திரும்பித் திருச்சூரை நோக்குகிறது. அவ்வாறு திரும்பியதால் குதிரான் குன்றை அது எதிர்கொள்ள நேர்ந்தது. இயல்வழியாகிய கணவாயைக் கடந்து வந்த சாலை, அதன் மேற்கு முனைக்கு அருகில் செய்வழியை நாடியது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைக் குகைவழிகள் அங்குக் குடையப்பட்டன. முதலாவது 2021 சூலையிலும் இரண்டாவது 2022 சனவரியிலும் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டன. ‘அறைவாய்’ என்னும் பழஞ்சொல்லுக்குப் பொருந்தும் ஓரிடம் இந்நெடுஞ்சாலையில் உண்டென்றால் அது குதிரானே, கணவாயன்று. ஆற்றின் போக்கைச் சாலை கைவிட்ட இடம் இது என்பதும், ஆற்றுக்கரை வழியாகவே பண்டைய வணிகம் சென்றிருக்கும் எனக் கருதின் இப்பகுதியில் பழைய தடத்தைத் தேடுதல் பயன்தராது என்பதும் இதனால் விளங்கும்.

பெருவழியின் மூன்று கூறுகளும் இன்றைய சாலையில் வடிவம் மாறி உள்ளன. 1956 நவம்பர் 1 வரை கணவாயின் இருபுறமும் சென்னை மாகாணத்தின் மாவட்டங்களாகவே இருந்தன. மொழிவழி மாநிலப் பிரிப்பில் மலபார் கேரளத்தைச் சேர்ந்தபின் வாளையாறு எல்லையாயிற்று; சோதனைச்சாவடியில் சரக்குந்துகள் நெடுவரிசையில் காத்துக்கிடக்கும் இடமாயிற்று. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வணிகவரிச் சோதனை நீங்கியது. ஆயினும் சுங்கச்சாவடிகள் சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தைத் தொடர்ந்து கொள்கின்றன. உல்கு மறையவில்லை, அரசனுக்குரியதாக இருந்தது சாலைக்குரியதாக மாறியுள்ளது. பெயரிடும் வழக்கமும் எண்ணிடும் வழக்கமாக எஞ்சியுள்ளது.

காவல் என்னும் கூறே இன்று மறுசிந்தனையை வேண்டுகிறது. பண்டு காக்கப்பட வேண்டியவன் வழிப்போக்கன். அச்சம் தந்தவை கள்வரும் காட்டு விலங்குகளும். இன்று மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடைப்பட்ட காட்டுப்பகுதியில் இருப்புப்பாதையைக் கடக்கும் யானைகள் வண்டிகளில் அடிபட்டு இறந்துள்ளன. அதைத் தடுக்கத் தமிழ்நாடு வனத்துறை 2024ஆம் ஆண்டு மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவு வழி இயங்கும் முன்னெச்சரிக்கை அமைப்பை நிறுவியது. உம்பல் என்பது யானை, உம்பற்காடு யானைக்காடு. கணவாயின் வழியே மனிதர் கிழக்கு மேற்காகச் செல்ல, நீலகிரிச் சரிவுக்கும் ஆனைமலைக்கும் இடையே விலங்குகளுக்குரிய வழி வடக்கு தெற்காகக் குறுக்கிடுகிறது. மனிதர்க்கு வாயிலாக அமைந்த அதே இடைவெளி யானைக்குத் தடையாக அமைந்தது. பெருவழியின் காவல் யாருக்கு என்னும் வினாவுக்கு, வெண்பா பாடும் குடைநிழல் உயிர்களுக்கெல்லாம் உரியது என்பதே விடையாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்த சங்ககால வழிக்கு நேரடி இலக்கியச் சான்று இல்லை. பதிற்றுப்பத்தில் கொடுமணமும் பந்தரும் இருமுறை இணைந்து வருதலும், குட்டுவனின் கொங்கு வெற்றியும் மறைமுகச் சான்றுகளாக அமைகின்றன. அகழாய்வும் நாணயமும் அவற்றுக்கு வலுவூட்டுகின்றன.

2. இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இடைக்கால வழி ஒன்றுக்கு உறுதியான சான்று. அதனைக் கொண்டு சங்ககாலத் தடத்தையோ, இன்றைய நெடுஞ்சாலையின் தொன்மையையோ நிறுவுதல் பொருந்தாது.

3. பெருவழி என்பது தடத்தைக் காட்டிலும் உல்கு, காவல், பெயர் ஆகியவற்றால் அமைந்த ஏற்பாடு. தொடர்ச்சி காணப்படுவது இவ்வேற்பாட்டிலும் கணவாயின் நில அமைப்பிலுமே. சாலையின் மண்ணில் அன்று.

4. இன்றைய மாநில எல்லை கணவாயின் நடுவே செல்வதால் ஆய்வும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வெள்ளலூரும் கொடுமணலும் தமிழக வரலாற்றில் பேசப்படுகின்றன. எய்யாலும் பட்டணமும் கேரள வரலாற்றில் பேசப்படுகின்றன. ஒரே வணிகத்தின் இரு முனைகள் இரு நாட்டு வரலாறுகளாக எழுதப்படும்வரை இடைப்பட்ட வழி எழுதப்படாமலே இருக்கும். வாளையாற்றுக்கு இருபுறமும் உள்ள நாணயப் புதையல்கள், பெருங்கற்காலச் சின்னங்கள், இடைக்காலக் கல்வெட்டுகள் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் கொணரும் கூட்டாய்வு தேவைப்படுகிறது. சுண்டக்காமுத்தூர்ப் பாறையை நகர விரிவு நெருங்கிவரும் நிலையில், அப்பணி காலம் தாழ்த்தத்தக்கதன்று. ஒரு வழி தன் பெயரைத் தானே சொல்லும் சான்று தமிழில் அரிது. அதன் எழுத்துகள் படிக்கத்தக்கனவாக இருக்கும்போதே இரு மொழி ஆய்வாளரும் அதன்முன் ஒருங்கே நிற்றல் வேண்டும்.